தூக்கிய சட்டை

கொழும்பில் சனம் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்த நாளில் நான் ஜெயபுரத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றேன். மண்ணெண்ணெய் வரிசையில் கானை வைத்துவிட்டு வந்திருந்தேன். கடைக்காரரின் போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். மாளிகைக் கட்டிலில் ஒருவன் சப்பாத்துடன் படுத்துக்கொண்டு படம் எடுப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோசப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. துக்கப்படவும் இல்லை. வேறு யாரோ வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலால் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் ஒரு புரட்சியைக் கண்டனீங்கள்தானே. இதுக்குப் பிறகு என்ன நடக்கும், சொல்லுங்கோவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான். எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள். நான் கோழிப் பண்ணையில்தான் நின்றனான், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுக் கானைப் பார்க்கப் போனேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து எங்களை வெளியே விட்டபின், காணி பற்றைக்காடாகக் கிடந்தது. துப்புரவாக்கி விதைக்க வழியில்லை. முகவர் ஒருவர் லிபியாவுக்கு ஆள் எடுத்தார். அந்த நாட்டை நீண்ட காலம் ஆண்ட தலைவரைச் சனமே பிடித்துக் கொன்றிருந்தது. இனி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டப் போகிறார்கள், ஆள் வேண்டும் என்றார் முகவர். முகவரின் கந்தோரில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த மீனவர். அவருக்குத் துறைமுகத்தில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் போய் இறங்கியது நகரத்துக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில்.

"கடலைக் காட்டிக் கோழியைத் தந்திட்டாங்கள்" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார். பண்ணையின் கூரையில் ஏறி நின்றால் தூரத்தில் கடல் தெரியும். பின்னேரங்களில் ஏறிப் பார்ப்பார்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணை என்றேன். அவர் என்னைத் தோட்டக்காட்டான் என்றார். என் அப்பாவும் அம்மாவும் மலையகத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள், அங்கே கலவரத்தில் அடி விழுந்து வன்னிக்கு வந்தவர்கள். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அவர் சொன்னபோது அதில் விசம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருநாள் ஒரே கோப்பையில் சோறு பிசைந்துகொண்டு இருக்கும்போது சொன்னார்.

"டேய், ஊரில எண்டா உன்னை என்ர வீட்டு முத்தத்துக்கு அங்கால வரவிட்டிருக்க மாட்டன். இஞ்ச ஒரே கோப்பையில தின்னுறம். புரட்சி எண்டா இதுதானடா."

மூன்றாவதாக நைஜர் நாட்டுக்காரன் ஒருவன் எங்களோடு இருந்தான். எங்களிலும் கறுப்பு, நல்ல உயரம். புரட்சி நடந்த காலத்தில் அவனைக் கறுப்பன் என்பதற்காகவே பிடித்து அடைத்து வைத்திருந்தார்களாம். கறுப்பர்களைக் கூலிக்குக் கொண்டுவந்து தலைவர் சண்டை பிடித்தார் என்று அங்கே ஒரு கதை. வாகனச் சத்தம் கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வான். ஆயுதக்காரர் வந்தால் கோழித்தீன் மூட்டை அறைக்குள் போய்விடுவான். கையால் எங்களுக்கும் சொல்லித் தந்தான். மேலே பார்க்காதே. எதையும் காட்டாதே.

முதலாளி கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். சம்பளம் பிந்தும், ஆனால் கை நீட்டமாட்டார். புரட்சிக் காலத்தில் பிடிபட்ட யுத்தத் தாங்கி ஒன்றின்மேல் ஏறி நின்று எடுத்த படத்தைப் போனில் வைத்திருந்தார். ஆரம்பத்தில் அதை எல்லோருக்கும் காட்டுவார். பிறகு காட்டுவதை விட்டுவிட்டார். எண்ணெய் ஊறும் நாட்டில் பெற்றோலுக்கு வரிசை. பொலிஸ் நிலையம் எரிந்து கிடந்தது, அதற்குள் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கொடி. தலைவரைத் துரத்த ஒன்றாகப் போனவர்கள்தான் எல்லோரும். பள்ளிக்கூடம் ஒரு மாதம் நடக்கும், இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். கலியாணம் என்றாலும் வானத்துக்குச் சுடுவார்கள். அப்படிச் சுட்ட குண்டொன்று கூரையைத் துளைத்து விழுந்து கோழியொன்று செத்தது. முதலாளி சிரித்துவிட்டு எங்களிடம் தந்தார். உறைப்பாகச் சமைத்துத் தின்றோம்.

மீனவர் குளிக்கும்போதுதான் அவருடைய உடம்பைப் பார்த்தேன். இடது விலாவில் இருந்து இடுப்பு வரைக்கும் யுத்தத்தில் செல் துண்டுகள் கிழித்த தழும்புகள். முதுகில் ஒரு கை வைக்கலாம் போல் ஒரு குழி. ஒரு துண்டு இன்னும் உள்ளே கிடந்தது. குளிர் நாட்களில் அது குத்தும் என்பார்.

அதையும் பகிடியாக்கினார். முகாமிலும் மீள்குடியேறின பிறகும் யார் வந்தாலும் காயத்தைக் காட்டவேண்டும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வாகனத்தில் வருபவர், கமரா கொண்டு வருபவர், விசாரிக்க வருபவர், எல்லோருக்கும் முதலில் காயம், பிறகுதான் கதை. கால் போனவர்கள் சாரத்தை ஒதுக்குவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் படத்தைத் தூக்குவார்கள். இவர் முதலில் வெட்கப்பட்டிருக்கிறார். மனைவிதான் விடவில்லை. வந்தவர்களுக்கு முன்னால் இவரை நிறுத்தி, தானே சட்டையைத் தூக்கிக் காட்டுவாராம்.

"என்ர மனுசி என்னை மியூசியமாக்கி வச்சவள். சட்டையைத் தூக்கினா கூரைக்குத் தகரம் கிடைச்சது. திரும்பி நிண்டா வலை கிடைச்சது. நாலாம் அஞ்சாம் தரம் அவள் சொல்ல முதலே நான் தூக்கத் தொடங்கிட்டன்."

சொல்லிவிட்டுக் கூரையில் ஏறிக் கடலைப் பார்த்தார்.

கோடை தொடங்கியபோது இரண்டு குழுக்களுக்குள் பெரிய சண்டை மூண்டது. துறைமுகப் பக்கத்தில் ஒன்று, மலைப் பக்கத்தில் மற்றது. நாங்கள் நடுவில். முதல் செல் வந்து விழுந்தது பக்கத்து ஒலிவ் தோட்டத்தில். முதலாளி குடும்பத்தோடு வீட்டின் நடு அறையில் போய் இருந்தார். எங்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வன்னியில் எங்கே போய்த் தங்கினாலும் முதலில் பங்கர், பிறகுதான் சமைக்கக் குசினி. மீனவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார்.

அது கடற்கரை மண். நான் பழகிய அக்கராயன், ஜெயபுரம் மண்ணில் வெட்டினால் சுவர் தானாக நிற்கும். இந்த மண் நிற்காது, சரிந்து ஆளை மூடும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் முல்லைத்தீவுக் கரையில் சேலைகளைப் பைகளாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். இங்கே தீன் சாக்குகளுக்குக் குறைவில்லை. அவர் சொல்லச் சொல்ல நானும் நைஜர்காரனும் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு பக்கம் மடங்கிப் போகிற மாதிரி வெட்டி, மேலே பேரீச்ச மரத் துண்டுகளைப் போட்டு, அதற்கு மேல் மீண்டும் மண் மூட்டைகள். அப்படி மடங்கினால் வாசலில் விழும் செல்லின் துண்டு நேராக உள்ளே வராது. காற்றுக்கு ஒரு துவாரம் வைத்தார்.

முதலாளி வந்து பார்த்துச் சிரித்தார். கோழிகளுக்கா என்று கேட்டார். அன்று பின்னேரம் அவருடைய தண்ணீர்த் தாங்கியில் செல் விழுந்தது. அவர் மனைவி, தாயார், பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். மீனவர் கைலாகு கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே இறக்கினார். சண்டை நடந்த நாட்களெல்லாம் அந்தக் குடும்பம் அதற்குள்ளேதான் இருந்தது. இடம் போதாததால் நாங்கள் மூவரும் மடிப்பின் வெளிப்பக்கத்தில் குந்தியிருந்தோம். பிள்ளைகளுக்கு மீனவர் மீனைப்போல் வாயைத் திறந்து மூடிக் காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள். முதலாளியின் மனைவி அவருக்கு அரபியில் ஏதோ ஆசீர்வாதம் சொன்னார்.

பிறகு சத்தம் ஓய்ந்தது. துறைமுகக் குழு எங்கள் பக்கத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள்.

வெயில் உச்சியில் நின்ற நேரம் பிக்கப் ஒன்று வந்தது. பின்பெட்டியில் பெரிய மெசின் துவக்கு பூட்டியிருந்தது. நாலு பேர், எல்லோரும் இளந்தாரிகள், அரைக் காற்சட்டையும் செருப்பும். நைஜர்காரன் தீன் அறைக்குள் போய்விட்டான். முதலாளி தேநீர் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் குடித்துக்கொண்டே பண்ணையைச் சுற்றி வந்தார்கள். பங்கரைக் கண்டதும் நின்றார்கள்.

அவர்களில் ஒருவன் உள்ளே இறங்கினான். மூட்டை அடுக்கைக் கையால் தட்டிப் பார்த்தான். காற்றுத் துவாரத்தில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்தான். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. யார் வெட்டியது என்று முதலாளியைக் கேட்டான்.

முதலாளியின் பிள்ளைகள் யன்னலில் நின்றார்கள். மனைவி அவர்களுக்குப் பின்னால் நின்றார். முதலாளி தேநீர்க் கிளாசைக் கையில் வைத்தபடி தாடையால் எங்கள் இரண்டு பேரையும் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, மீனவரை மட்டும் காட்டினார்.

"ஜெய்ஷ்?" என்று அவன் மீனவரைக் கேட்டான். இராணுவமா என்று அர்த்தம். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும்.

மீனவர் பயப்படவில்லை. அவருடைய முகத்தில் நான் கண்டது ஒருவித ஆறுதல். விளங்கப்படுத்தக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்களே என்ற மாதிரி. இல்லை என்று தலையாட்டினார். நான் இராணுவம் இல்லை, இராணுவம் அடித்த ஆள் என்று சொல்ல அவரிடம் அரபு இல்லை. ஆனால் அதைச் சொல்லுகிற வழி அவருக்குத் தெரியும். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகினது.

சட்டையைத் தூக்கினார். விலாவைக் காட்டினார். கையை வானத்தில் இருந்து இறக்கி, "டும்" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி நின்று முதுகையும் காட்டினார். அவருடைய முகம் என் பக்கம் இருந்தது. கொஞ்சம் சிரித்தபடி நின்றார், சரி, இனி விளங்கியிருக்கும் என்கிற மாதிரி.

நாலு பேரும் அந்தத் தழும்புகளையே பார்த்தார்கள். அவர்களுடைய ஊரில் கோழி மேய்க்க வந்த வெளிநாட்டுக்காரனுக்கு இப்படி ஒரு உடம்பு எங்கிருந்து வரும்? இறங்கிப் பார்த்தவன் கிட்ட வந்து, முதுகுக் குழிக்குள் விரலை வைத்து அழுத்தினான். பிறகு மற்றவர்களைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். முர்த்தசிக்கா.

மீனவர் சட்டையை இறக்கப் போனார். இறக்க விடவில்லை. அதையே தலைக்கு மேலால் இழுத்து, முகத்தை மூடி, கைகளை அந்தத் துணியோடு சேர்த்துக் கட்டினார்கள். உள்ளே இருந்து அவருடைய குரல் வந்தது.

"டேய், இவங்களுக்குச் சொல்லடா. மீன்பிடிகாரன் எண்டு சொல்லடா."

மீனுக்கு அரபியில் என்ன சொல் என்று எனக்கு அந்த நேரம் வரவில்லை. "மிஸ்கீன், மிஸ்கீன்" என்றேன். ஏழை, பாவம் என்று அர்த்தம். இரண்டாம் தரம் சொல்லும்போது துவக்கின் அடிக்கட்டை வாயில் விழுந்தது. என்னையும் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். என் உடம்பில் ஒன்றும் இல்லை. எத்தனையோ செல் விழுந்த இடங்களில் இருந்தும் எனக்கு ஒரு கீறல் விழவில்லை. தள்ளிவிட்டார்கள்.

பிக்கப் போனபிறகு நைஜர்காரன் வந்து என் வாயைக் கழுவிவிட்டான். முர்த்தசிக்கா என்றால் கூலிக்குச் சண்டை பிடிக்க வருபவன் என்று அவன்தான் சொன்னான். அவனையும் அதே சொல்லைச் சொல்லித்தான் அடைத்தார்களாம்.

முதலாளி இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பிறகு வந்து, விசாரித்தேன், துறைமுகப் பக்கம் கொண்டுபோனார்களாம் என்றார். இன்னொரு நாள் கேட்டபோது, இனிமேல் இதைக் கேட்காதே, கேட்டால் இந்த வீட்டுக்கும் ஆபத்து என்றார். அன்று பின்னேரமே பங்கரை மூடச் சொன்னார். மரத் துண்டுகளை எடுத்து விறகுக்கு அடுக்கினோம். சாக்குகளை உதறிக் காயவைத்தோம். அவருடைய மனைவி எனக்கு ஒரு தட்டில் சோறும் ஆட்டிறைச்சியும் அனுப்பியிருந்தார். கடிக்கப் பல் நோவாக இருந்தது.

கொஞ்ச நாளில் மலைக் குழு திரும்பி அடித்தது. முதல் செல் விழுந்த காலையில் முதலாளி மண்வெட்டியோடு என் அறை வாசலில் நின்றார். அதே மாதிரி, என்றார். நான் வெட்டினேன். மூடின மண், இலகுவாக வந்தது. அவருடைய தாயாருக்குக் கால் நீட்ட இடம் போதாது, இந்தமுறை கொஞ்சம் அகலமாக வெட்டு என்று மனைவி யன்னலால் சொன்னார். அகலமாக வெட்டினேன். பிள்ளைகள் உள்ளே இறங்கி, மீன்போல் வாயைத் திறந்து மூடி என்னிடம் காட்டி, மற்றவர் எங்கே என்று கேட்டார்கள். தாய் அவர்களுடைய வாயில் அடித்தார்.

சண்டை கூடி, வெளிநாட்டுக்காரரை எல்லாம் எல்லையால் ஏற்றி அனுப்பியபோது நான் ஊருக்கு வந்தேன். நைஜர்காரன் வரவில்லை. அவனை ஏற்ற யாரும் வரவில்லை.

வந்து சில நாளில் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன். மீனவரின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கரையில் யாரைக் கேட்டாலும் காட்டினார்கள். மனைவி ஓலை வாடியில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அவருடைய தமையன் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தார். நான் யார் என்று சொன்னதும் தமையன் வலையில் இருந்து கண்ணை எடுக்காமல், தோட்டக்காட்டான் வந்திட்டான், எங்கட ஆள்தான் வரேல்லை என்றார். மனைவி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எனக்கு ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணி தாறன் என்றார்.

பஸ்ஸில் வரும்போதே நான் ஒன்றை முடிவு செய்திருந்தேன். பிடித்துக்கொண்டு போனதைச் சொல்வது. பங்கரைச் சொல்வது. சட்டையைச் சொல்லாமல் விடுவது. அப்படியே சொன்னேன். அவா மீனைக் கீறுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு இருந்தா. செத்ததைக் கண்டீர்களா என்று கேட்டா. இல்லை என்றேன். அவரை அடித்தார்களா என்று கேட்டா. என் முன்னால் அடிக்கவில்லை என்றேன். அது உண்மை. பிறகு நான் எழும்பலாம் என்று இருக்கும்போது கேட்டா.

"ரெண்டு பேரும்தானே வெட்டினனீங்கள். உங்களை ஏன் விட்டவங்கள்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். தமையன் வலையைக் கீழே வைத்தார்.

"என்ர உடம்பில காயம் இல்லை அக்கா."

"அவற்ற காயத்தை அவங்கள் எப்பிடிக் கண்டவங்கள்? சட்டை போட்டிருக்கேல்லையோ?"

போட்டிருக்கவில்லை, வெயில், கழற்றி வைத்திருந்தார் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். அந்தச் சொல் என் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் தமையன் என்னைப் பார்த்த பார்வையில், இந்தத் தோட்டக்காட்டான்தான் காட்டிக்கொடுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தது. அவாவின் முகத்திலும் அது மெல்ல வந்துகொண்டு இருந்தது.

"அவர்தான் தூக்கிக் காட்டினவர்."

கத்தி நின்றது. பிறகு கேட்டா.

"ரெண்டு பக்கமுமோ?"

"ஓம். திரும்பி நிண்டும் காட்டினவர்."

அவா தலையாட்டினா. அழவில்லை. பாதி கீறின மீனை எடுத்து மிச்சத்தையும் கீறி, உப்புத் தடவி, தட்டில் விரித்து வைத்தா. பிறகு அடுத்த மீனை எடுத்தா. தமையன் மறுபடி வலையை எடுத்தார். எனக்குத் தேத்தண்ணி தருவதாகச் சொன்னதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். பஸ் நேரம் வரைக்கும் நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.

அதன்பின் சில வருடங்கள் கழித்து, காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவோரம் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினார்கள். அவாவும் அங்கே போய் இருக்கிறா என்று கேள்விப்பட்டேன். முதலில் விடவில்லையாம். இங்கே படத்தில் இருப்பது ஆமியிடம் கையளித்த பிள்ளைகள், உம்முடைய மனுசன் உழைக்கப் போனவர், அந்த நாட்டுக்காரரிடம் போய்க் கேளும் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறா. அவா எழும்பவில்லை. கடைசியில் இருக்க விட்டார்கள். மீனவரின் படத்தைச் சுவரில் கொழுவ மட்டும் விடவில்லை. மடியில் வைத்திருக்கலாம் என்றார்கள்.

போன மாதம் ஓர் அலுவலாக அந்தப் பக்கம் போனபோது கொட்டிலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். கொட்டிலில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சில தாய்மார் செத்துவிட்டார்கள், அவர்களுடைய படமும் இப்போது சுவரில் இருக்கிறது. அவா ஓரத்தில் இருந்தா. தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டாவோ தெரியாது.

வெள்ளை வாகனமொன்று வந்து நின்றது. இரண்டு வெளிநாட்டுக்காரரும், மொழிபெயர்க்க ஒரு பெண்ணும், கமராவோடு ஒருவரும் இறங்கினார்கள். யாரும் சொல்லவில்லை. பாயில் இருந்த எல்லோருடைய கைகளும் ஒன்றாக உயர்ந்தன. படங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றன. பிறகு, கமரா அந்தப் பக்கம் நகர, படங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

மொழிபெயர்க்கிற பெண் குனிந்து அவாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா, நீங்களும் காட்டுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் மடியைக் காட்டித்தான் கேட்டாள். அவா படத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதற்கு மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டா.

அவர்கள் அடுத்த தாயிடம் போனார்கள். என் பஸ் வந்தது.